பருவ காலமும் மகப்பேறும்

ஒரு கல்லூரியின் அறிவியற் கழகத்தில் இனப்பெருக்கத்தைப் பற்றிப் பேசினேன். வெப்பம் மிகுந்தால் ஆண்களின் விந்தணுக்கள் குறைவதுண்டு என்று அப்பேச்சில் ஓரிடத்தில் சொல்லியிருந்தேன். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, வெப்பம் விந்தணுக்களைக் குறைக்கும் என்கிறீர்கள். அப்படியானால், வெயில் கொளுத்தும் நம் நாட்டில் மக்கள்தொகை இவ்வளவு பெருகியது எவ்வாறு?" என்று கேட்டார். அவையில் பெருஞ் சிரிப்பு எழுந்தது. ஆனால், அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. ஓர் உண்மையை மற்றோர் உண்மையோடு மோதவிட்டுப் பார்ப்பதுதானே அறிவியலின் வழி? அன்று நேரம் போதாமையால் அரைகுறையாகவே விடை சொன்னேன். அந்தக் கடனை இன்று வானொலியின் வாயிலாகத் தீர்க்க விரும்புகிறேன்.

முதலில் விலங்குகளையும் பறவைகளையும் பார்ப்போம். குளிர் நாடுகளில் செம்மறியாடுகள் இலையுதிர் காலத்தில் சேர்க்கை கொள்கின்றன. அவற்றின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆகவே, பனி விலகிப் புல் தளிர்க்கும் வேனிலின் தொடக்கத்தில் குட்டிகள் பிறக்கின்றன. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். அது வேனிற் காலத்தில் சேர்க்கை கொண்டு, அடுத்த வேனிலில் குட்டி ஈனுகிறது. சேரும் பருவம் வேறாயினும் பிறக்கும் பருவம் ஒன்றே. தாய்க்குப் புல்லும், குட்டிக்குப் பாலும், இருவருக்கும் இதமான காற்றும் கிடைக்கும் காலம் அது.

ஆட்டுக்கும் குதிரைக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. பின், காலம் வந்ததை அவை எவ்வாறு அறிகின்றன? குளிரும் வெப்பமுமே அறிவிக்கின்றன என்று நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். 1920-களில் கானடா நாட்டின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன் என்ற உயிரியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். சிறு பறவைகளைக் கடுங்குளிர் காலத்தில் வெட்டவெளிக் கூண்டுகளில் வைத்தார். மாலைப் பொழுதில் மின்விளக்கு ஏற்றி, பகலை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டினார். குளிர் சற்றும் குறையவில்லை. ஆயினும், வசந்தம் வந்ததுபோல் அப்பறவைகளின் இனப்பெருக்க உறுப்புக்கள் வளர்ந்து பருத்தன. பகலின் நீளமே பறவைக்குப் பஞ்சாங்கம் என்பது இதனால் புலனாயிற்று.

பாலூட்டிகளில் இச்செய்தியை உடலுக்குள் எடுத்துச் செல்வது மெலடோனின் என்ற சுரப்புப் பொருள். மூளையின் நடுவில் உள்ள பினியல் என்னும் சிறு சுரப்பி இதனை இரவில் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். இரவு குறுகினால் அதுவும் குறுகும். அமெரிக்காவில் ஏரன் லெர்னர் என்பவர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து 1958-இல் இப்பொருளைப் பிரித்தெடுத்தார். இரவு நீள்வதைக் கண்டு செம்மறியாடு விழித்துக்கொள்கிறது. பகல் நீள்வதைக் கண்டு குதிரை விழித்துக்கொள்கிறது. செய்தி ஒன்றுதான், அதற்குப் பொருள் கொள்ளும் முறை இனத்துக்கு இனம் மாறுகிறது.

மனிதனுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆண்டு முழுவதும், எல்லா மாதங்களிலும், குழந்தைகள் பிறந்துகொண்டேயிருக்கின்றன. ஆயினும், பருவ காலம் நம்மை அறவே தீண்டாமல் விட்டுவிடவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஆணின் உடலமைப்பைச் சிறிது ஆராய வேண்டும்.

இதயம், ஈரல், மூளை முதலிய அரிய உறுப்புக்களையெல்லாம் இயற்கை உடலுக்குள்ளே பத்திரமாக வைத்திருக்கிறது. விரைகளை மட்டும் உடலுக்கு வெளியே, ஒரு மெல்லிய தோற்பையில் தொங்கவிட்டிருக்கிறது. காரணம் என்ன? நம் உடலின் உட்சூடு ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு. விந்தணு நன்கு உருவாவதற்கு அதனினும் இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த சூடு வேண்டும். அதற்காக அங்கே ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. விரைக்குச் செல்லும் தமனியைச் சுற்றிலும் சிரைகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன. கீழிருந்து திரும்பி வரும் குளிர்ந்த இரத்தம், மேலிருந்து இறங்கும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இரத்தம் விரையை அடைவதற்குள் சூடு தணிந்துவிடுகிறது. குளிர் மிகுந்தால் தோற்பை சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. வெப்பம் மிகுந்தால் தளர்ந்து விலகித் தொங்குகிறது. வியர்வையும் தன் பங்குக்குச் சூட்டைத் தணிக்கிறது.

இந்தக் குளிர்ச்சி போய்விட்டால் என்ன ஆகும்? சிகாகோவில் கார்ல் மூர் என்ற அறிஞர் 1920-களில் இதைச் சோதித்தார். செம்மறிக் கடாவின் விரைப்பையை வெப்பம் வெளியேறாதவாறு போர்த்திவிட்டார். உள்ளே விந்தணுக்களை உண்டாக்கும் திசு சிதைந்தது. ஆண் குழந்தைகள் சிலருக்குப் பிறக்கும்போது விரை பையினுள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுவதுண்டு. அதைக் குழந்தைப் பருவத்திலேயே அறுவை சிகிச்சையால் கீழே இறக்கிவிட வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது விதி என்று எண்ணிவிட வேண்டாம். யானையின் விரைகள் வயிற்றுக்குள்ளேதான் இருக்கின்றன. பறவைகளுக்கும் அப்படியே, பறவையின் உடற்சூடோ நம்முடையதைவிட அதிகம். இயற்கை ஒரே பூட்டுக்குப் பல சாவிகள் செய்து வைத்திருக்கிறது. நாம் பேசுவது மனிதனின் சாவியைப் பற்றி மட்டுமே.

இனி, பருவ காலத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் மனிதனின் விந்தணுக்கள் உண்மையாகவே குறைகின்றனவா? அமெரிக்காவின் தென் பகுதியில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், வெளிப்புறத்தில் உழைக்கும் 131 ஆண்களை ரிச்சர்டு லெவினும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1990-இல் வெளியாயின. குளிர்காலத்தோடு ஒப்பிடுகையில், கோடையில் விந்தின் ஒரு மில்லி லிட்டரில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 32 குறைந்திருந்தது. மொத்த எண்ணிக்கை நூற்றுக்கு 24 குறைந்திருந்தது. நீந்தும் ஆற்றல் உள்ள அணுக்களின் செறிவு நூற்றுக்கு 28 குறைந்திருந்தது. இஸ்ரேலில் பீர்ஷெபா நகரில் 6455 விந்து மாதிரிகளைச் சோதித்தவர்கள், குளிர்காலத்தில் அணுக்கள் மிகுதியாகவும் விரைவாக நீந்துவனவாகவும் இருப்பதை 2013-இல் தெரிவித்தார்கள்.

"இதோ, வெப்பத்தின் வேலை!" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால், அவசரப்படுவது ஆராய்ச்சிக்கு ஆகாது. கோடையில் வெப்பம் மட்டுமா மிகுகிறது? பகலும் நீள்கிறது. உணவு மாறுகிறது, உறக்கம் மாறுகிறது. இவற்றுள் எது காரணம்? குளிர்சாதன வசதியுள்ள கட்டடங்களில் பணிபுரியும் ஆண்களை அதே லெவின் குழுவினர் பின்னர் ஆராய்ந்தார்கள். வெயிலே படாத அவர்களிடத்தும் கோடையில் விந்தின் தரம் குறைவதை 1992-இல் கண்டார்கள். ஆகவே, வெப்பம் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. ஆட்டையும் குதிரையையும் ஆட்டிப் படைக்கும் பகலின் நீளம், மனிதனிடத்தும் ஓர் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்லா நாடுகளிலும் ஒரே முடிவு கிடைப்பதும் இல்லை. எண்ணிக்கை மாறுவதாகச் சிலரும், நீந்தும் திறன் மட்டுமே மாறுவதாகச் சிலரும், மாற்றமே இல்லை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். இத்துறையில் இன்னும் தெளிய வேண்டியது நிரம்ப இருக்கிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இன்றைய விந்தணு இன்று உருவானது அன்று. ஹெல்லர், கிளெர்மான்ட் என்ற இரு அறிஞர்கள் கதிரியக்க அடையாளமிட்ட பொருளைக் கொண்டு கணக்கிட்டு, மூல அணுவிலிருந்து விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன என்று காட்டினார்கள். அதன்பின், விரையின் மேற்புறம் சுருண்டு கிடக்கும் நீண்ட மெல்லிய குழாயின் வழியே ஊர்ந்து முதிர்ச்சி பெற மேலும் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வேண்டும். குயவர் இன்று விற்கும் பானை என்றோ சூளை வைத்த பானை அல்லவா? சூளையில் நேர்ந்த குறை சந்தையில்தான் தெரிய வரும். கடுங் காய்ச்சலில் படுத்த ஆணின் விந்தணு எண்ணிக்கை, காய்ச்சல் நீங்கிச் சில வாரங்களுக்குப் பிறகே வீழ்ச்சியடைகிறது. பின்னர் மெல்ல மெல்ல நிலைக்குத் திரும்புகிறது. இதை அறியாதவர்கள், காரணத்தையும் விளைவையும் ஒரே மாதத்தில் தேடி ஏமாந்துபோவார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. புதிதாக மணமான பெண்ணை ஆடி மாதத்தில் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம்மிடையே உள்ள மரபு. ஆடியில் கருவுற்றால் சித்திரைக் கத்திரியில் பிள்ளை பிறக்கும். தாயும் சேயும் வெயிலில் வாடுவார்கள் என்று பெரியவர்கள் காரணம் கூறுவார்கள். கருவுற்ற நாள் முதல் பிறக்கும் நாள் வரை ஏறக்குறைய 266 நாட்கள். எண்ணிப் பார்த்தால் பெரியவர்களின் கணக்குச் சரியாகவே இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், ஆடியை அறியாத அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் ஏப்ரல், மே மாதங்களில் பிறப்பு குறைவாக இருப்பது வழக்கம். அக்குழந்தைகள் கருவாகியிருக்க வேண்டிய மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். அஃதாவது, நம் ஆடியை ஒட்டிய காலம். அங்கே மணப்பெண்ணை யாரும் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. வெப்பமே அவ்வேலையைச் செய்தது போலும்! குளிர்சாதனங்கள் வீடுதோறும் பெருகிய பிறகு அந்தப் பள்ளம் முன்னைவிட மேடாகிவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

நான் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அக்கினி நட்சத்திரம் மே மாதத்தில் வருகிறது. அப்போது உருவாகத் தொடங்கும் விந்தணு, ஏறத்தாழ 85 நாட்கள் கழித்து முழுமை பெறும். அது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் வந்து விழுகிறது. மறுபடியும் ஆடி! ஆனால், மாணவர்களே, கணக்கு வேறு, சான்று வேறு. நம் முன்னோர் நுண்ணணுக்களை அறிந்து இம்மரபை வகுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விந்தணுவை மனிதக் கண் முதன்முதலாகக் கண்டதே 1677-இல், ஹாலந்து நாட்டு லேவன்ஹூக்கின் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்தான். பொருத்தம் கண்டவுடன் பெருமை பேசுவதைவிட, அளந்து பார்ப்பதே அழகு. உங்களில் ஒருவர் நாளை அதை அளந்து பார்க்கலாம்.

சரி, வெப்பத்தால் பிறப்பு எவ்வளவு குறைகிறது? அமெரிக்காவின் 1931 முதல் 2010 வரையிலான பிறப்புக் கணக்குகளை மாதவாரியாக ஆராய்ந்து, ஆலன் பரேக்கா முதலிய பொருளியல் அறிஞர்கள் 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அஃதாவது ஏறத்தாழ 27 டிகிரி சென்டிகிரேடுக்கு, மேற்பட்ட நாள் ஒன்று கூடினால், ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு நூற்றுக்கு 0.4 அளவு குறைகிறது என்பது அவர்களின் முடிவு. அடுத்த சில மாதங்களில் அக்குறையின் ஒரு பகுதி ஈடு செய்யப்படுகிறது. இது சிறு அளவே. ஆனால், ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால், நீண்ட கோடைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு விடை கூறும் நிலைக்கு வந்துவிட்டோம். கருத்தரிக்க ஒரே ஓர் அணு போதும். இயற்கை கோடிக்கணக்கில் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவின்படி, இயல்பான விந்தின் கீழெல்லை ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். ஆறு கோடி உள்ளவருக்குக் கோடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் நான்கு கோடி எஞ்சும். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. இரண்டு கோடி மட்டுமே உள்ளவருக்கு அதே பங்கு குறைந்தால், அவர் கீழெல்லைக்கும் கீழே போய்விடுகிறார். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது இரண்டடி வற்றினால் மடைக்குக் கேடில்லை. மதகின் மட்டத்தில் தண்ணீர் நிற்கும்போது இரண்டடி வற்றினால் வயல் காயும். பருவ கால மாற்றம் பெரும்பாலோரைத் தொடாமல் போய்விடுகிறது. விளிம்பில் நிற்கும் சிலரை மட்டும் தொடுகிறது.

ஒரு நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்பதைத் தீர்மானிப்பவை வேறு. பெண்களின் கல்வி, திருமண வயது, குழந்தைகள் பிழைத்து வளர்வதில் உள்ள நம்பிக்கை, குடும்பக் கட்டுப்பாட்டு வசதி ஆகியவையே அவை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3.0. நம் வெயில் பீகார் வெயிலைவிட இருமடங்கு கொடியது என்று யாராவது சொல்வார்களா? கடைசி வரிசை மாணவருக்கு என் விடை இதுதான்: வெப்பத்தின் கை மெல்லியது, சமுதாயத்தின் கை வலியது.

ஆனால், விளிம்பில் நிற்கும் அந்தச் சிலரை மறந்துவிடலாமா? உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு காலத்தேனும் மகப்பேறின்மையின் துன்பத்தை அடைகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அவர்களுக்கு மருத்துவம் இப்போது கை கொடுக்கிறது. 1978 ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் கலத்தில் கருவான முதற் குழந்தை அவள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில், டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கருவை உறைய வைத்துப் பாதுகாத்து, பின்னர் தாயின் கருப்பையில் வைக்கும் முறையை அவர் அப்போதே கையாண்டார். அவர் காலத்தில் அதை நம்புவார் இல்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்த பிறகே, பிற்காலத்தில் உரிய பெருமை கிடைத்தது.

உறைய வைக்கும் அந்த முறை, பருவ கால ஆராய்ச்சிக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. கருமுட்டையை எடுத்து, கருவாக்கி, சில நாட்களிலேயே கருப்பையில் வைத்துவிட்டால், முட்டை எடுத்த பருவமும் கருவை வைத்த பருவமும் ஒன்றாகிவிடும். வேறுபாட்டுக்கு எது காரணம் என்று பிரித்தறிய இயலாது. உறைய வைத்தால், கோடையில் எடுத்த முட்டையைக் குளிர்காலத்தில் கருவாக வைக்கலாம். குளிர்காலத்தில் எடுத்ததைக் கோடையில் வைக்கலாம். பின்னிக் கிடந்த இரண்டு இழைகளும் இவ்வாறு பிரிந்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1835 பெண்களுக்கு 2013 முதல் 2021 வரை செய்யப்பட்ட 3659 உறைகரு மாற்றங்களை இவ்வாறு ஆராய்ந்தார்கள். கோடையில் எடுத்த முட்டைகளிலிருந்து உண்டான கருக்களில் நூற்றுக்கு 31 உயிருள்ள குழந்தைகளாயின. இலையுதிர் காலத்து முட்டைகளிலிருந்து உண்டானவற்றில் நூற்றுக்கு 26 மட்டுமே. கருவைக் கருப்பையில் வைத்த நாளைப் பார்த்தாலோ, மிகவும் வெப்பமான நாட்களில் வைத்தவை குளிர்ந்த நாட்களில் வைத்தவற்றைவிடக் குறைவாகவே வெற்றி கண்டன. முட்டை வெயில் நாளை விரும்புகிறது; கருவைத் தாங்குவதற்குக் குளிர்ந்த நாள் உகந்தது என்பதுபோல் ஒரு தோற்றம்! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2022-இல் வெளியான ஆராய்ச்சியும் கோடையில் எடுத்த முட்டைகளுக்கே மேன்மை கண்டது. பெர்த்தின் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பாஸ்டனின் கோடை ஜூன் முதல் ஆகஸ்டு வரை. மாதம் எதிராயினும் சூரியன் ஒன்றே. எனினும், கருவை வைக்கும் நாளின் வெப்பத்தால் பாஸ்டனில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆகையால், இவற்றையெல்லாம் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

ஆணின் பக்கத்திலோ, மருத்துவம் பருவ காலத்தைப் பெரும்பாலும் வென்றுவிட்டது என்றே சொல்லலாம். 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு முறையைக் கண்டார்கள். மயிரினும் நுண்ணிய ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை எடுத்து, முட்டைக்குள் நேராகச் செலுத்திவிடும் முறை அது. கோடிகள் வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்றால், கோடையில் மூன்றில் ஒரு பங்கு குறைவதைப் பற்றிக் கவலை ஏன்?

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய படிப்பினை என்ன? நல்ல பருவம் வரட்டும், நல்ல மாதம் பிறக்கட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. பருவம் ஆண்டுதோறும் திரும்பி வரும். வயது திரும்பி வாராது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே அமைந்தவை. அவற்றின் எண்ணிக்கையும் தரமும், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பின் விரைந்து குறைகின்றன. இதமான பருவம் தரக்கூடிய சிறு ஊதியத்துக்காக ஓர் ஆண்டைச் செலவிடுவது, காலணா மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் வண்டிச் சத்தம் கொடுப்பது போன்றது.

ஆடவர் செய்யக் கூடியவையும் சில உண்டு. கொதிகலன், உலைக்களம், ரொட்டிச் சூளை ஆகியவற்றின் அருகே பணிபுரிவோரும், நாள் முழுதும் வண்டி ஓட்டுவோரும் இடையிடையே எழுந்து காற்றாட நிற்பது நன்று. மடியில் வைத்துக்கொள்ளும் கணிப்பொறி, ஒரு மணி நேரத்தில் விரைப்பையின் சூட்டை இரண்டரை டிகிரிக்கு மேல் உயர்த்துவதை 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு மேசையே தக்க இடம். அமெரிக்காவில் 656 ஆண்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களுக்கு இறுக்கமான உள்ளாடை அணிந்தவர்களைவிட விந்தணுச் செறிவு நூற்றுக்கு 25 மிகுந்திருந்தது. நம் வேட்டியைப் பழித்த நாகரிக இளைஞர்கள் இதைக் கேட்டு என்ன சொல்வார்களோ! எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சோதனையில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மனம் இடிந்துபோக வேண்டாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கலாம். அப்போது இருப்பவை அனைத்தும் புதியவை.

முடிக்கும் முன், சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை ஒருத்தி இருந்தாள். மணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. "மலடி" என்ற சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு நாள் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அவள் கணவர் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர். இரவும் பகலும் அந்த அனலில் நின்றவர். அவர் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவிக்கும் குழந்தை பிறக்கவில்லை. ஊர் அதற்குப் பின் வாய் மூடிக்கொண்டது. ஆனால், என் அத்தையிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை. காளவாயின் வெப்பமே காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஏனெனில், அவரை யாரும் சோதித்துப் பார்க்கவேயில்லை. சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மனத்தை இன்றும் வருத்துவது அதுதான்.

மகப்பேறில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் குறை காணப்படுகிறது என்று மருத்துவம் கூறுகிறது. விந்துச் சோதனை எளியது, வலியற்றது, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளை நோக்கச் செலவும் மிகக் குறைந்தது. இருவரையும் ஒரே நாளில் சோதிப்பதே நேர்மையான முறை. இன்று கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களே, மாணவிகளே, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஒரு பெண்ணைப் பார்த்து யாரேனும் அந்தக் கொடுஞ் சொல்லைக் கூற வாயெடுத்தால், "அவருடைய கணவரைச் சோதித்தாயிற்றா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என் அத்தைக்காக அதைக் கேட்க அன்று யாரும் இல்லை.